காய்ச்சல் கொப்பி

மார்கழியில் எங்கள் வீட்டில் உடுப்பு காயாது. விறாந்தைக் கொடியில் சின்னவளின் சட்டைகள் மூன்று நாள் அதே ஈரத்தோடு தொங்கும். நான்காம் நாள் பூஞ்சண வாசம் ஏறும், திரும்பத் தோய்க்க வேண்டியதுதான். திருகோணமலைக்கு வருஷ மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். வாடைக் காற்று கடலைக் கலக்கும், வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும். மான்கள் மட்டும் எதுவும் நடக்காததுபோல மூடிய கடைகளின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று அசைபோடும். நகரத்துக்குள் புள்ளிமான் திரிவது வெளியூர்க்காரருக்கு அதிசயம். எங்களுக்கு அது பூக்கன்றைத் தின்கிற பிராணி.

அப்படியான ஒரு கிழமையில் மகளுக்குத் தடிமன் பிடித்தது. மூன்று வயது, பன்னிரண்டு கிலோ. மனைவி ஐந்து நாள் பயிற்சிக்குக் கொழும்புக்குப் போயிருந்தாள். டொக்யாட் வீதிப் பக்கம் இருக்கிற எங்கள் சின்ன வீட்டில் நானும் மாமியும்தான். திங்கள் பின்னேரம் முன்பள்ளியிலிருந்து வந்தவள் வழக்கமாக வாசலில் எறிகிற சப்பாத்தைக் கழற்றாமல் அப்படியே கதிரையில் ஏறிச் சுருண்டாள். மாமி நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். “சுடுது தம்பி.” தேர்மோமீட்டர் 101 காட்டியது.

“சும்மா தடிமன்தான்” என்று இந்த ஊரில் முதல் நாளே சொல்லிவிட முடியாது. தடிமனைக் கூட்டிவருகிற அதே மழைதான் சிரட்டையிலும் பூச்சாடித் தட்டிலும் கூரைப் பீலியிலும் தண்ணீரைத் தேக்கி நுளம்பை வளர்க்கிறது. 2017-ஐ இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த வருஷம் நாடு முழுவதும் 186,000-க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். வருஷத் தொடக்கத்திலேயே பக்கத்து ஊரான கிண்ணியா டெங்குவால் பட்ட பாட்டை நாங்கள் பக்கத்திலிருந்து பார்த்தோம். அதிலிருந்து எங்கள் வீடுகளில் காய்ச்சலுக்கு நாள் கணக்கு உண்டு. “பிள்ளைக்கு எப்படி?” என்று யாரும் கேட்பதில்லை. “எத்தனையாம் நாள்?” என்றுதான் கேட்பார்கள்.

அந்த இரவே ஒரு கொப்பியை எடுத்தேன். மகளின் படம் கீறுகிற கொப்பி. முதல் பக்கங்களில் எல்லாம் நாலு கால் உருளைக்கிழங்குகள், அவை மான்களாம். ஒரு வெற்றுப் பக்கத்தில் கோடு போட்டு மணி, சூடு, மருந்து, குடித்தது, சலம், மூச்சு என்று எழுதினேன். மாமி கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, “சலமும் எழுதுறதோ?” என்று சிரித்தார். அதற்கடுத்த நாள் நான் எழுத மறந்த இடத்தில் நினைவூட்டியவரும் அவர்தான்.

கொப்பி தேவைப்பட்டதற்குக் காரணம் போன வருஷம் நான் செய்த ஒரு கூத்து. அப்போதும் இரவுதான். பரசிட்டமோல் பாணி கொடுத்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, மூக்கு அடைத்து அழுகிறாளே என்று, எப்போதோ வாங்கி வைத்திருந்த தடிமன் பாணியையும் கரண்டியில் ஊற்றிவிட்டேன். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகும்போது மாமி கேட்டார், “ரெண்டு போத்தலிலயும் என்ன போட்டிருக்கெண்டு பாத்தனீங்களோ தம்பி?” மாமிக்கு அந்த ஆங்கில எழுத்து வாசிக்க வராது. வாசிக்கத் தெரிந்த நான் பார்க்கவில்லை. பார்த்தால், தடிமன் பாணிக்குள்ளும் பரசிட்டமோல் இருந்தது. பெயரும் நிறமும் வேறு, உள்ளே இருந்தது ஒன்றே. ஒரே இரவில் இரண்டு மடங்காகப் போயிருக்கும். அளவு மீறினால் அடிபடுவது ஈரல். அந்தத் தடிமன் பாணியை அப்படியே எறிந்தேன். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதனால் பெரிய பலனும் இல்லை, தூக்கக் கலக்கமும் படபடப்பும்தான் மிச்சம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இங்கே கிடைக்கிற பரசிட்டமோல் பாணியில் வழக்கமாக 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் இருக்கும். கணக்கு வயதுக்கு அல்ல, நிறைக்கு: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். என் மகளின் 12 கிலோவுக்கு அதிகபட்சம் 180 மில்லிகிராம், அதாவது 7.5 மில்லிலீற்றர். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நாலு தரத்துக்கு மேல் இல்லை. போத்தலுக்குப் போத்தல் செறிவு மாறும் என்பதால் ஒவ்வொரு முறையும் லேபலைப் பார்த்தாக வேண்டும். கரண்டி விஷயமும் அப்படித்தான். ஒருநாள் பொழுதுபோகாமல் ஊசியில்லாத சிரிஞ்சை வைத்து எங்கள் வீட்டுத் தேக்கரண்டிகளை அளந்து பார்த்தேன். ஒன்று 4 மில்லிலீற்றர் கொண்டது, மற்றது 6-ஐத் தாண்டியது. கல்யாணத்துக்கு வந்த வடிவான கரண்டிதான், மருந்துக்கு உதவாது. சிரிஞ்சின் நுனியைக் கன்னத்தின் உட்பக்கம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினால் துப்பவும் மாட்டாள், புரைக்கேறவும் மாட்டாது.

செவ்வாய் முழுக்க 102-க்குக் கீழே இறங்கவில்லை. மருந்து கொடுத்தால் இரண்டு மணித்தியாலம் எழும்பி விளையாடுவாள், பிறகு திரும்ப அனுங்கத் தொடங்குவாள். காய்ச்சலின் இலக்கத்தைத் துரத்துகிற பழக்கத்தை நான் இப்போது விட்டுவிட்டேன். மருந்து சூட்டைக் கொஞ்சம் இறக்கி உளைவைக் குறைக்கும், பிள்ளை இரண்டு மிடறு குடிக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. கிருமியை அது தொடுவதில்லை. 99-க்கு இறங்கினால்தான் ஆச்சு என்று நேரத்துக்கு முன்னால் அடுத்த வேளையைக் கொடுப்பதுதான் பிழை. வீட்டில் இருக்கிறதே என்று புரூஃபன் (ஐபூபுரோஃபன்) வகைகளையோ டிஸ்பிரினையோ (அஸ்பிரின்) எடுக்கவே கூடாது. டெங்குவாக இருந்துவிட்டால் இரத்தக் கசிவைக் கூட்டும். டிஸ்பிரின் எப்படியும் பிள்ளைகளுக்கு ஆகாது.

அன்று பகல் மாமி தன் வைத்தியத்தைத் தொடங்கினார். கொத்தமல்லியை வெறும் சட்டியில் வறுத்து, வேர்க்கொம்பும் நாலு மிளகும் சேர்த்து இடித்து, மூன்று கோப்பைத் தண்ணீர் ஒன்றாக வற்றும்வரை அவித்தார். மழை இருட்டில் அந்த வாசம் அடுப்படியிலிருந்து அறைக்கு வந்தபோது எனக்கே பாதிச் சுகம் வந்ததுபோல இருந்தது. கொத்தமல்லி தடிமனை மாற்றுமா என்றால், மாற்றாது. இளஞ்சூடான எதுவும் தொண்டைக்கு இதம், உடம்புக்குத் தண்ணீர். அதற்குமேல் நான் வாதாடுவதில்லை. மகள் மூன்று வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். மாமி ஒரு கரண்டி தேன் விட்டுக் கலக்கினார். ஒரு வயது தாண்டிய பிள்ளை, அதனால் நான் பேசாமல் இருந்தேன். தேன் இருமலைக் கொஞ்சம் ஆற்றும். ஒரு வயதுக்குக் கீழே என்றால் ஒரு துளிகூடக் கூடாது. பொட்டுலிசம் என்ற நஞ்சு நோயைத் தருகிற நுண்ணுயிர் தேனில் இருக்கலாம், கைக்குழந்தையின் குடலுக்கு அதைத் தாங்குகிற பலம் இல்லை.

நாங்கள் உண்மையாகவே சண்டை பிடித்தது இரண்டு விஷயத்தில். ஒன்று, ஆவி. கொதிதண்ணீர்ச் சட்டியை முன்னால் வைத்துப் போர்வையால் மூடுவது என்றால் நான் குறுக்கே நிற்பேன். மூன்று வயதுப் பிள்ளை ஒரு உதை உதைத்தால் தொடையெல்லாம் வெந்துபோகும். மூக்குக்கு இரண்டு சொட்டு சேலைன் விட்டுத் துடைத்தாலே போதும். மற்றது குளிப்பு. காய்ச்சல் பிள்ளைக்குத் தண்ணீர் காட்டவே கூடாது என்பது மாமியின் சட்டம். ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ள கன்னியாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேர்த்து நாறுகிற பிள்ளைக்கு ஒரு வாளி இளஞ்சூட்டு நீர் வார்க்கப் பயப்படுகிற ஊர் இது. கடைசியில் சமாதானமாகி ஈரத் துவாயால் துடைத்தோம். பச்சைத் தண்ணீர் இல்லை. அதை ஊற்றினால் பிள்ளைக்கு நடுக்கம்தான் எடுக்கும்.

பின்னேரம் டொக்டரிடம் போனோம். போன வருஷம் ஒரு இடத்துக்குக் கொண்டுபோயிருந்தேன், பெயர் வேண்டாம். பிள்ளையின் முதுகில் குழாயைச் சரியாக வைக்கக்கூட இல்லை, இரண்டு நிமிஷத்தில் பெயரெழுதாத மூன்று பொட்டலம் கைக்கு வந்தது. அதில் ஒன்று அன்டிபயோட்டிக் என்று வற்புறுத்திக் கேட்டபிறகுதான் சொன்னார்கள். “சளி பச்சையாப் போட்டுது, அதான்.” தடிமனைத் தருவது வைரசுகள், ரைனோ வைரஸ் ஒன்றிலேயே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. எந்த அன்டிபயோட்டிக்கும் அவற்றை ஒன்றும் செய்யாது. சளியின் பச்சை நிறமும் எதிர்த்து நிற்கிற நம் வெள்ளைக் கலங்களிலிருந்தே வருவது. இந்த முறை பார்த்த டொக்டர் காது, தொண்டை, நெஞ்சு எல்லாம் பார்த்துவிட்டு மருந்தே எழுதவில்லை. “நாளைக்கும் காய்ச்சல் நிண்டால் எஃப்.பி.சி. எண்ட இரத்தப் பரிசோதனை எடுத்துக்கொண்டு வாங்கோ. இண்டைக்கு எடுத்தால் கவுண்ட் பெரும்பாலும் சரியாத்தான் காட்டும், அதை நம்பி நீங்கள் நித்திரை கொண்டுடுவீங்கள்.” பிறகு ஒன்று சொன்னார்: சிவப்பும் மண்ணிறமுமான எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள். சத்தி எடுத்தால் அது குடித்ததா இரத்தமா என்று பிரித்தறிய வேண்டும்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் மாமி கொத்தமல்லிக் கோப்பையைப் பார்த்தார். அது நல்ல மண்ணிறம். ஒரு சொல்லும் சொல்லாமல் கொண்டுபோய் வாழையடியில் ஊற்றினார். அன்று இரவு அவர் என்னோடு அதிகம் கதைக்கவில்லை. அரிசிக் கஞ்சி வைத்து, உப்புப் போட்டு, வடித்து, என் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. விசிறி நின்றதும் மகளின் மூச்சுச் சத்தம் மட்டும் அறையில் பெரிதாகக் கேட்டது. மூக்கு அடைத்த கர் கர். முட்டு இழுக்கிறதோ என்று எனக்கு நெஞ்சு அடித்தது. போனின் வெளிச்சத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அவள் சட்டையை மெல்லத் தூக்கி வயிற்றைப் பார்த்தேன். எழும்பி விழுந்தால் ஒன்று. முழுதாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும், பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்கக் கூடாது. பிள்ளைகளின் மூச்சு சீராக இருக்காது, கூடும், குறையும், இடையில் ஒரு கணம் நிற்கும். முதல்முறை இருபதில் மழை ஓட்டில் பலமாக விழுந்து கணக்குத் தவறியது. இரண்டாம் முறை இருமி எழும்பினாள். மூன்றாம் முறை 34. ஒரு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் 40-ஐத் தொட்டால் வேகமான மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். ஒரு வயதுக்குக் கீழே 50 வரை பார்ப்பார்கள், இரண்டு மாதத்துக்கும் சின்னது என்றால் 60. விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா என்றும் பார்த்தேன். இல்லை. விழுந்திருந்தால் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்காமல் 1990-க்கு அடித்து அம்புலன்ஸை அழைத்திருப்பேன். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் விடியும்வரை வைத்திருக்கக் கூடாது.

கொப்பியில் ‘2.20 — 34’ என்று எழுதினேன். எழுதியதும் எனக்கு நித்திரை வந்தது. இலக்கத்துக்கு அப்படியொரு குணம். பயத்தை அது போக்குவதில்லை, ஒரு பக்கத்தில் இருத்தி வைக்கும்.

புதன் மூன்றாம் நாள். காலையில் 101.6. மழைக்குள் முச்சக்கர வண்டி பிடித்து லேபுக்குப் போனோம். மடியில் வைத்திருந்தவளிடம் மாமி “ஒண்டும் செய்யாது குஞ்சு” என்றார். நான் “கொஞ்சம் நோகும். நாலு எண்ண முடிஞ்சிடும்” என்றேன். ஊசி போனதும் அலறிக்கொண்டே “ஒண்டு… ரெண்டு…” என்று எண்ணினாள். நாலுக்கு முடியவில்லை, ஏழு ஆனது. எண்ணத் தெரிந்தவளிடம் பொய் சொல்லிவிட்டேன். வீடு வரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

றிப்போட் பின்னேரம் வந்தது. பிளேட்லெட் (டெங்குவில் குறைகிற இரத்தத் தட்டுகள்) 198,000. ஒன்றரை இலட்சத்துக்கு மேல் என்றால் சாதாரண அளவுதான். கொழும்பிலிருந்து மனைவி வாட்ஸப்பில் “அப்ப டெங்கு இல்லைத்தானே?” என்றாள். டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. இன்னொரு முறை எடுத்துப் பார்ப்போம் என்றார். சின்ன மீன் சூப், இளநீர், கஞ்சி, ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரிழப்புத் தூள்) என்று மாறி மாறிக் கொடுக்கச் சொன்னார். ஜீவனிப் பைக்கற்றை ஒரு லீற்றர் ஆறிய நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பைக்கற்றைக் கண்ணளவில் கோப்பையில் கலக்குவது பல வீடுகளில் நடக்கிற பிழை. மகள் சிரிஞ்சால் குடிக்க மறுத்தாள், கோப்பையால் மறுத்தாள், கடைசியில் போத்தல் மூடியால் “மானுக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு” என்று குடித்தாள். மானின் பங்கை நான் குடித்தேன். ஒரு மூடி 6 மில்லிலீற்றர் அளவு, முப்பத்திரண்டு மூடி. எல்லாம் கொப்பியில் இருக்கிறது.

வியாழன் விடிய நாலரைக்குத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தாள். 98.4. மாமி எழும்பி வந்து கையெடுத்துக் கும்பிட்டு, பத்திரகாளி அம்மனுக்கு ஒரு நேர்த்தியும் வைத்தார். எனக்கு அந்த நேரத்தில்தான் கை கால் பதறத் தொடங்கியது. டெங்குவின் குணமே அதுதான்: காய்ச்சல் கொதிக்கிற நாட்களில் அல்ல, காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் ஆபத்து வரும். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறுகிற அந்த ஒன்றிரண்டு நாளில்தான் பிள்ளை ‘சுகமாயிட்டுது’ என்று வீட்டார் அசந்துவிடுவார்கள். வயிற்று நோ, விடாத சத்தி, கை கால் சில்லிடுதல், சலம் குறைதல், சோர்ந்து கிடத்தல், முரசில் இரத்தம், இதில் ஏதாவது ஒன்று போதும், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது சலம் போக வேண்டும். கடைசியாக எழுதியிருந்தது இரவு பதினொன்றரை. ஐந்தானது. ஐந்தரையானது. மாமி கேட்டார், “எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவமோ?” ஏன் என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் நாள் சிரித்த அதே மாமி. இருவருமாக அரைத் தூக்கத்தில் தூக்கிக்கொண்டு போய் இருத்தினோம். நான் குழாயைத் திறந்துவிட்டேன். மாமி ஸ்ஸ்ஸ் என்றார். ஓட்டில் மழை வேறு. இத்தனை தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் நாங்கள் கேட்க வேண்டியது ஒன்று. வந்தது. நீண்ட நேரம் வந்தது. மாமி வெளிச்சத்தைப் பிடித்து நிறம் பார்த்து, “வெள்ளைதான்” என்றார். 5.40 என்று எழுதினேன்.

அன்று எடுத்த இரண்டாவது கவுண்டில் பிளேட்லெட் 221,000. டொக்டர் “வைரஸ் காய்ச்சல், தடிமன். இருமல் இன்னும் ரெண்டு மூண்டு கிழமை இருக்கும், அதுக்கு ஓடி வராதேங்கோ” என்றார். அது இருந்தது. பொங்கல் வரைக்கும் இருந்தது.

சாப்பாடு மட்டும் திரும்பவில்லை. குடித்தால் போதும், பசி தானாக வரும் என்று மாமியிடம் சொல்லிக்கொண்டே நானும் மறைவில் பிஸ்கட்டை நீட்டிப் பார்த்தேன். வெள்ளி பின்னேரம் மழை கொஞ்சம் விட்டது. ஒழுங்கை முனையில் பாட்டுப் போட்டபடி பாண் விற்றுவருகிற சூன் பாண் ஓட்டோவின் சத்தம் கேட்டது. பீத்தோவன் அந்த ‘ஃபியூர் எலீஸ்’ இசையை எழுதும்போது அது இலங்கையில் பாண் விற்கப் போகிறது என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார். படுத்திருந்தவள் தலையைத் தூக்கி, “அப்பா, கிம்புலா பனிஸ்” என்றாள். செருப்பில்லாமல் ஓடினேன். சீனி தூவிய முதலை வாலை மூன்று கடி கடித்துவிட்டு, மிச்சத்தைக் கேற்றுக்கு வெளியே நின்ற மானுக்குக் கொடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். பனிஸ் மானுக்குக் கூடாது என்று விளக்கினேன். அழுதாள். நல்ல பலமான அழுகை, ஐந்து நாளுக்குப் பிறகு.

சனிக்கிழமை மனைவி வந்து இறங்கும்போது மாமி விறாந்தையில் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். “எனக்கு ஒண்டுமில்லை, தூசி” என்றார். மார்கழி மழையில் தூசி. நான் அடுப்படிக்குப் போய்க் கொத்தமல்லியை வறுத்தேன். இடிக்கிற சத்தம் கேட்டதும் உள்ளிருந்து குரல் வந்தது: “அது காணாது தம்பி, இன்னும் நல்லா இடியுங்கோ. வேர்க்கொம்பு போட்டனீங்களோ?”

இடித்துக்கொண்டே மனைவியிடம் கொப்பியைக் கேட்டேன். புதுப் பக்கத்தில் ‘மாமி, முதலாம் நாள்’ என்று எழுதப் போனால், அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு உருளைக்கிழங்கு நாலு காலில் நின்றது. அடுத்த பக்கத்துக்குப் போனேன்.